ஆர்னோவில் அலசிய துணி



1827 ஆம் ஆண்டுக் கோடையில் இத்தாலிய எழுத்தாளர் ஒருவர் தாயாரும் மனைவி மக்களும் உடன்வர மிலான் நகரிலிருந்து ஃபிளாரன்ஸ் நகருக்குப் பயணமானார். அப்போது அவருக்கு வயது 42. அவருடைய பெரிய நாவல் அவ்வாண்டுதான் அச்சேறியிருந்தது. நாடெங்கும் புகழ் பரவத் தொடங்கியிருந்தது. அலெஸ்ஸாந்த்ரோ மன்சோனி என்னும் அந்தப் பெரியவர் ஃபிளாரன்சுக்குப் போனது எதற்காக என்று கேட்டால் வியப்பாக இருக்கும். இத்தாலிய மொழி கற்கத்தான்.

இத்தாலியர் ஒருவர், அதுவும் இத்தாலிய மொழியில் நாவல் எழுதி வெளியிட்டவர், இத்தாலிய மொழி கற்கப் போவானேன்? அவர் வீட்டில் பேசியது மிலான் வட்டாரப் பேச்சு. கற்றோர் கூட்டத்தில் பேசியது பிரெஞ்சு. இத்தாலிய மொழியை அவர் நூல்களிலிருந்தே பெற்றிருந்தார். நூலிலிருந்து பெற்ற மொழியில் வீரத்தையும் காதலையும் பாடலாம். ஆனால் ஏழை நெசவாளி ஒருவன் தன் காதலியிடமும், ஊர்ப் பாதிரியாரிடமும், கடைக்காரனிடமும் பேசுவதை எழுதப் புகுந்தபோது, உயிருள்ள சொல் தம்மிடம் போதிய அளவு இல்லை என்பதை மன்சோனி உணர்ந்தார். ஃபிளாரன்ஸ் நகரத்தார் வாயில் வழங்கும் சொற்களைக் கேட்டு, அறிந்தவர்களிடம் விசாரித்து, பின்னும் பல ஆண்டுகள் உழைத்து நாவல் முழுவதையும் திருத்தினார். திருந்திய பதிப்பு 1840க்கும் 1842க்கும் இடையே வெளிவந்தது. அந்நகரத்தின் நடுவே ஓடும் ஆர்னோ ஆற்றில் தம் துணிகளை அலசி எடுத்ததாக அவர் இதனை வேடிக்கையாகக் குறிப்பிட்டதுண்டு. சாத்தூர் வைப்பாற்றில் ஊற்றுத் தோண்டித் துணி வெளுத்ததைக் கண்டிருக்கும் இவ்வட்டாரத்தார்க்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை.

வெளியூர் சென்று கற்றுவருதல் இம்மண்ணுக்குப் புதிதன்று. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். மழை பொய்த்த கரிசல் பூமியின் பிழைப்பே அதனால் மாறியது. தீப்பெட்டிக்குப் பின் பட்டாசும் அச்சும் வந்தன. தொழிலைக் கற்றுவர இவ்வளவு துணிந்த ஊர், மொழியைக் கற்றுவர ஏன் துணியவில்லை என்பதே இவ்வுரையின் கேள்வி.

ஐரோப்பிய இலக்கியம் தமிழுக்கு வந்ததெல்லாம் பெரும்பாலும் ஆங்கிலம் என்னும் தரகர் வழியாகத்தான். எட்டயபுரத்துப் பாரதி மாஜினியின் சபதத்தைத் தமிழில் பாடினார். இத்தாலிய விடுதலை வீரனின் குரல் கரிசல் காட்டுக் கவிஞன் நெஞ்சில் தீ மூட்டியது உண்மை. ஆனால் அக்குரல் இங்கு வந்துசேர்ந்தது இத்தாலிய மொழியிலன்று. தாந்தே, பிராந்தெல்லோ, கல்வீனோ ஆகியோரைத் தமிழ்க் கவிஞர் பெரும்பாலோர் அறிந்ததும் அவ்வாறே. விருதுநகர்ச் சந்தையில் தரகு இழிவான தொழிலன்று. மல்லியும் வற்றலும் பருப்பும் தரகரின்றி நகரா. ஆயினும் மூட்டையில் கைவிட்டுச் சரக்கை அள்ளிப் பார்க்காமல் தரகர் சொல்லை மட்டும் நம்பிக் கொள்முதல் செய்யும் வணிகர் இவ்வூரில் எவரேனும் உண்டா? கவிதையில் மட்டும் அவ்வழக்கம் நெடுங்காலமாக நடந்து வருகிறது.

இத்தாலியில் அந்நியர்க்கு மொழியும் பண்பாடும் கற்பிப்பதற்கென்றே அமைந்த கல்விக்கூடங்கள் உண்டு. சியெனா நகரில் 1917 இலும், பெருஜா நகரில் 1921 இலும் இவ்வகுப்புகள் தொடங்கின. இன்று இரண்டும் அந்நியர்க்கான பல்கலைக்கழகங்கள். பெருஜாவில் வகுப்புகள் நடக்கும் கல்லெங்கா மாளிகை பதினெட்டாம் நூற்றாண்டுக் கட்டடம். கோடை மாதங்களில் இவ்வூர்கள் மாணவர்களால் நிறையும். முதல் நாள் ஒரு தேர்வு வைத்து, அவரவர் தரத்திற்கேற்ப வகுப்பில் அமர்த்துவார்கள். தொடக்க வகுப்பிலும் ஆசிரியர் இத்தாலியத்திலேயே பேசுவார். வேறு வழியும் இல்லை, ஏனெனில் ஒரே வகுப்பில் சீனரும் பிரேசில் நாட்டவரும் போலந்துக்காரரும் இருப்பர். காலையில் இலக்கணமும் உரையாடலும். மாலையில் ஓவியம், இசை, திரைப்படம் பற்றிய விளக்கங்கள். வார இறுதியில் ஊர் சுற்றல்.

காலம்தான் சிவகாசிக்குப் பொருந்தாது. அங்கே கோடை என்பது சூன் முதல் செப்டம்பர் வரை. இங்கே அதுவே தீபாவளிச் சரக்குக்கு இரவு பகல் பாராது உழைக்கும் காலம். ஆடிப்பெருக்கன்று புத்தாண்டு நாட்காட்டி ஆல்பம் வெளியிட அச்சகங்கள் ஓடும் காலம். பள்ளி விடுமுறையோ கத்திரி வெயிலோடு முடிந்துவிடும். ஆகவே இங்கிருந்து ஒருவர் போக வேண்டுமானால் ஊரே மும்முரமாக இருக்கும்போது போக வேண்டும். வீட்டார் என்ன சொல்வார்கள் என்பதை எவரும் எளிதில் ஊகிக்கலாம்.

போனவர்க்கு என்ன நேரும்? தமிழ்ச் செவிக்கு இத்தாலியத்தில் சில வசதிகள் உண்டு. அங்கும் வினைமுற்றே எழுவாயைக் காட்டிவிடும். பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறாள் என்பதுபோல் பார்லோ, பார்லி, பார்லா என்று விகுதி மாறும். 'நான்' என்பதைத் தனியே சொல்ல வேண்டுவதில்லை. நீ, நீங்கள் என்னும் மரியாதை வேறுபாடும் உண்டு. மெய் இரட்டித்தால் பொருள் மாறும் நுட்பமும் உண்டு. வலி, வல்லி, கனி, கன்னி என்பவற்றைப் பிரித்தறியும் செவிக்கு, பெனா என்றால் துன்பம், பென்னா என்றால் எழுதுகோல், நோனோ என்றால் ஒன்பதாவது, நொன்னோ என்றால் தாத்தா என்பது சிரமமாகாது. ஆங்கிலேய மாணவர் மாதக்கணக்கில் தடுமாறும் இடம் இது.

அதே இரட்டிப்பு வல்லினத்தில் வரும்போது தமிழர் மாட்டிக்கொள்வார். தமிழில் உயிர்களுக்கிடையே வரும் தனி வல்லினம் மெலிந்து ஒலிக்கும். வன்மையாக ஒலிக்க வேண்டுமானால் இரட்டிக்க வேண்டும். இத்தாலியத்திலோ தனித்து வன்மையாக நிற்பதும் உண்டு, இரட்டித்து வன்மையாக நிற்பதும் உண்டு. விதி என்னும் பொருள் தரும் சொல்லையும், செய்யப்பட்டது என்னும் பொருள் தரும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் ஃபாத்தோ என்றே முடியும். இன்னொன்று: உணவாகிய பாஸ்தாவையும், போதும் என்று பொருள்படும் பாஸ்தாவையும் தமிழ் எழுத்து வேறுபடுத்தாது. பரிமாறுகிறவரிடம் 'போதும்' என்று சொல்ல நினைத்து இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்ட தமிழர் எவரேனும் அங்கு இருந்திருக்கத்தான் வேண்டும். பெயர்ச்சொல் ஒவ்வொன்றுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு என்பது அடுத்த துன்பம். மேசையையும் நிலவையும் பெண்ணாக்கும் வழக்கை, பகுத்தறிவு இல்லாதவற்றையெல்லாம் அஃறிணையில் தள்ளிய தொல்காப்பியன் வழியினர் ஏற்றுக்கொள்ளச் சிறிது காலம் ஆகும்.

தன் மொழியில் சொல்லை நிறுத்துப் போடும் கவிஞன், அயல்மொழியில் ரொட்டிக் கடையின் முன் விரலால் சுட்டிக்காட்டி நிற்பான். மொழியறியாக் குழந்தையின் நிலை அது. இந்நிலையைத் தேடிச் சென்று ஏற்றவர் ஒருவர் உண்டு. வங்காளப் பெற்றோர்க்குப் பிறந்து ஆங்கிலத்தில் எழுதிப் பெரும் பரிசுகள் பெற்ற ஜும்பா லாஹிரி, 1994 இல் ஃபிளாரன்சுக்குச் சென்றபோது அம்மொழியில் ஈடுபட்டார். ஆண்டுகள் பல அமெரிக்காவில் இருந்துகொண்டே கற்றார். போதவில்லை என்று கண்டு 2012 இல் குடும்பத்தோடு ரோமில் குடியேறினார். 2015 இல் வெளிவந்த அவரது நூல் இத்தாலியத்திலேயே எழுதப்பட்டது. அதை ஆங்கிலமாக்கும் வேலையைத் தாம் செய்யாமல் வேறொருவரிடம் விட்டார். சரளமாக எழுதவல்ல மொழியைவிட்டு, சொல் சொல்லாகத் தேடி எழுதவேண்டிய மொழிக்குப் போனதைச் சிலர் வீண் ஆடம்பரம் என்றனர். அது அவ்வாறன்று. பிழை செய்யும் உரிமையை ஒரு கவிஞன் மீட்டுக்கொள்ளும் வழி அது.

இனி, வகுப்பில் கற்ற இத்தாலியம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதையும் நோக்க வேண்டும். 1861 இல் இத்தாலி ஒரே நாடானபோது மக்களில் நூற்றுக்கு இரண்டரைப் பேரே இத்தாலியம் பேச அறிந்திருந்தனர் என்று மொழியறிஞர் துல்லியோ தெ மௌரோ கணக்கிட்டார். மற்றவர்க்கு வாய்த்தது வெனிசு, நேப்பிள்ஸ், சிசிலி முதலிய வட்டாரப் பேச்சுகளே. அப்பேச்சுகள் இன்றும் அழியவில்லை. சிசிலித் தீவினரான ஆந்த்ரேயா கமில்லேரி தம் துப்பறியும் கதைகளில் வட்டார மொழியையும் பொதுமொழியையும் பிசைந்து எழுதினார். இத்தாலியர் விரும்பிப் படித்தனர். சியெனாவில் கற்றுத் தேர்ந்த மாணவன் அப்பக்கங்களில் இடறுவான்.

கரிசல் வாசகர்க்கு இது அறிந்த கதை. இடைசெவல் கி. ராஜநாராயணன் செய்தது மன்சோனி செய்ததற்கு நேர் எதிர். மன்சோனி தம் ஊர்ப் பேச்சை அலசிக் களைந்து ஃபிளாரன்ஸ் பேச்சை உடுத்தார். கி.ரா. தம் ஊர்ப் பேச்சின் புழுதியை உதறாமலேயே அச்சுக்குக் கொண்டுவந்தார். கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதியும் கண்டார். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ் என்று வாழும் இக்கரிசல் ஊர்களில் இரண்டு மொழிக்கு நடுவே நிற்பது பலர்க்கும் பிறவிப் பழக்கம். அத்தெலுங்கைக் கிழக்கின் இத்தாலியம் என்று ஐரோப்பியர் வியந்தது பற்றி இங்குள்ள பாட்டிமார்க்குத் தெரியாது. தெரிந்தாலும் பெருமைப்பட மாட்டார்கள். மன்சோனியா, கி.ரா.வா, யார் செய்தது சரி என்ற வழக்கைத் தீர்க்க வேண்டியதில்லை. ஆனால் இருவரையும் அவரவர் மொழியிலேயே படித்த ஒருவர் இவ்வட்டாரத்தில் இருந்தால் அவ்வழக்கு எவ்வளவு சுவையாக நடக்கும்!

இத்தாலியம் கற்ற தமிழர் இல்லை என்று எண்ணிவிடலாகாது. பல்லாயிரம் பேர் கற்றிருக்கிறார்கள். அவர்கள் சியெனாவுக்கும் பெருஜாவுக்கும் போனவர்களல்லர். ஈழத்துப் போர் துரத்திய தமிழர், 1980களிலிருந்து சிசிலியின் தலைநகரான பலெர்மோவில் குடியேறினர். அவர்களுடைய மொழி வகுப்பு அடுத்த வீட்டுச் சமையலறை. மாடிப்படி கூட்டும் வேலை. முதியோர்க்கு மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை. நோயாளியின் முனகலைப் புரிந்துகொள்வதற்குள் பொதுமொழியோடு சிசிலிப் பேச்சும் வந்துவிடும். அங்கே பிறந்த பிள்ளைகள் தாய்தந்தையர்க்காக அலுவலகங்களில் மொழிபெயர்த்தபடி வளர்ந்தனர். நகருக்கு மேலே பெல்லெக்ரீனோ மலையின் குகைக்கோயிலில் இருக்கும் ரொசாலியா என்னும் புனிதையை, கிறித்தவர் மட்டுமன்றிச் சைவத் தமிழரும் ஞாயிறுதோறும் ஏறிச்சென்று வணங்குவர். மலைமேல் குடியிருக்கும் தெய்வத்தை நடந்துபோய்க் காண்பது தமிழர்க்கு யாரும் கற்பிக்க வேண்டாத பாடம். இலக்கண நூல் புகாத இடத்தில் மொழி இவ்வாறெல்லாம் புகுகிறது. இவர்களை விட்டுவிட்டு இத்தாலியப் பண்பாட்டைத் தமிழர் கற்றல் பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

1624 இல் கொள்ளைநோய் தாக்கியபோது பலெர்மோவைக் காத்தவர் ரொசாலியா என்பது அவ்வூர் நம்பிக்கை. அதனால் ஆண்டுதோறும் சூலை 14 இரவு தேர் இழுத்து விழா எடுப்பர். நள்ளிரவில் கடற்கரையில் வாணவேடிக்கை நடக்கும். வாணம் என்றவுடன் இவ்வவையின் செவிகள் கூர்மையாவது இயல்பே. இத்தாலியரும் வாணத்தைக் காதலிப்பவர்கள். ரோம் நகரின் புனித ஆஞ்செலோ கோட்டையில் பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்து விடப்பட்ட பெருவாணத்திற்கு ஜிராந்தோலா என்று பெயர். சுழல்வது என்பது அச்சொல்லின் வேர்ப்பொருள். சிவகாசிக்காரர் தரைச்சக்கரம் என்பதும் சுழற்சி பற்றியே. மத்தாப்பு என்னும் சொல்லோ பாரசீகத்திலிருந்து நிலவொளியைக் கொண்டுவந்து தமிழில் இறக்கியது. வாணம் செல்லுமிடமெல்லாம் சொல்லும் செல்லும் போலும்.

வாணக்கலையை ஐரோப்பாவில் முறையாக எழுதிவைத்தவர்களில் முன்னோடி, மேற்சொன்ன சியெனா நகரத்தவரே. வன்னோச்சோ பிரிங்குச்சோ என்பது பெயர். உலோகம் உருக்கல், மணி வார்த்தல், பீரங்கி செய்தல், வெடிமருந்து கலத்தல் ஆகியவற்றைப் பத்துப் பகுதிகளில் விளக்கும் அவரது பிரோதெக்னியா என்னும் நூல், அவர் மறைந்த பின்னர் 1540 இல் வெனிசில் அச்சாயிற்று. கற்றோர் மொழியாகிய இலத்தீனில் எழுதாமல், பட்டறைக்காரர் பேசும் இத்தாலியத்தில் அதை எழுதினார். பத்தாம் பகுதியில் விழாக்கால வாணங்கள் வருகின்றன. கவிஞர் பெருமக்கள் கவனிக்க வேண்டியது அந்நூலின் கடைசி இயல். கந்தகமும் வெடியுப்பும் கரியும் நிறுத்துச் சொல்லிவந்த மனிதர், முடிக்கும்போது, எரித்தும் சாம்பல் விடாத ஒரு தீயைப் பற்றித் தனி இயல் எழுதுகிறார். அத்தீ காதல். தொழில்நூல் ஒன்றை இவ்வாறு முடித்தவர் சிவகாசியில் பிறந்திருக்க வேண்டியவர்.

சாம்பலை விட்டுச்செல்லும் தீயும் இருநாட்டுக்கும் பொது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் வெடித்த வெடி முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2024 நவம்பர் 18 அன்று நேப்பிள்ஸ் நகரை அடுத்த எர்க்கொலானோவில் உரிமமின்றி நடந்த பட்டாசுக் கூடம் வெடித்து மூவர் மாண்டனர். இருவர் இரட்டையராய்ப் பிறந்த சகோதரிகள். மூன்றாமவர் பதினெட்டே வயது இளைஞர். கூலிக்கு வந்த இளம் பிள்ளைகள். அச்செய்தி தமிழுக்கு வந்தபோதும் ஆங்கிலம் வழியே நான்கு வரியாகத்தான் வந்தது. மருந்தறையில் மகளை இழந்த எர்க்கொலானோத் தாயின் சொல்லை, அதே வகையில் மகனை இழந்த சாத்தூர்த் தாய்க்கு இடையில் எவரும் இன்றிச் சொல்லவல்லவர் இங்கு ஒருவரும் இலர். மொழி கற்பதன் பயன் யாது என்று கேட்பவர்க்கு, தாந்தேயைவிட இதனையே முதலில் காட்டத் தோன்றுகிறது.

எதிர்த்திசையில் இப்பயணம் முன்பே நடந்திருக்கிறது. 1606 இல் ரோம் நகரத்து ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்து தமிழ் கற்றுத் தத்துவ போதகர் ஆனார். ஒரு நூற்றாண்டு கழித்து, மாந்துவா நாட்டுக் காஸ்திலியோனேயில் 1680 இல் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி வந்தார். கோவில்பட்டிக்கு அருகே, இதே கரிசல் மண்ணில் உள்ள காமநாயக்கன்பட்டியில் அவர் தங்கிப் பணி செய்ததுண்டு. தமிழை முப்பது வயதில் தொடங்கியவர், நாற்பத்தாறாம் வயதில் 3615 பாடல் கொண்ட தேம்பாவணியை முடித்தார். தொன்னூல் விளக்கமும் சதுரகராதியும் பரமார்த்த குருவின் கதையும் தந்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். செந்தமிழுக்கு ஒன்றும் கொடுந்தமிழுக்கு ஒன்றுமாகத் தனித்தனியே இலக்கணம் எழுதினார். புலவர் மொழியும் தெருமொழியும் வேறுவேறு என்பது அவரை மிரட்டவில்லை. அவர் பிறந்த நாட்டிலும் நிலைமை அதுதானே. எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் எழுத்தில் தெளிவாகப் பிரித்த பெருமையும் அவர்க்கே தரப்படுகிறது. இத்தாலியத்தில் உயிரின் நெடுமை பொருளை மாற்றாது. குறிலையும் நெடிலையும் பிறந்தது முதல் பேசியவர்க்குத் தோன்றாத முடை, வயது வந்தபின் கற்க வந்தவர்க்குத் தோன்றியிருக்கக்கூடும். கற்கப் புகுந்த அயலார் செய்த பிழைகளுக்கும் தமிழ் கடன்பட்டிருக்கிறது.

வீரமாமுனிவர் செலவிட்டது ஒரு கோடையன்று, முப்பத்தாறு ஆண்டு. திரும்பிப் போகவும் இல்லை. அக்கணக்கை நேர்செய்ய எவரும் முப்பத்தாறு ஆண்டு கொடுக்க வேண்டியதில்லை. இத்தாலிய வெளியுறவு அமைச்சகம் வழங்கிவந்த உதவித்தொகைகளில் மொழி, பண்பாட்டு வகுப்புகளுக்கென்று குறுங்காலப் பிரிவும் இருந்துவந்துள்ளது. பத்தாண்டு நிறைந்த இவ்விலக்கிய வட்டம், அடுத்த பத்தாண்டில் இளைஞர் ஒருவரை ஒரு கோடைக்கு அனுப்பிவைக்க எண்ணலாம். அவர் தாந்தேயை முழுவதும் பெயர்த்துக்கொண்டு வர வேண்டா. ஒரு கோடையில் அது ஆகவும் ஆகாது. பிரிங்குச்சோவின் அந்தக் கடைசி இயலை, சில பக்கங்களே ஆனதை, மூலத்திலிருந்து கொண்டுவந்தால் போதும். சொல் பிசகும் இடத்தில் மருந்தறைத் தொழிலாளி எவரேனும் திருத்திக் கொடுப்பார்.

அவர் போவாராயின், ஆகஸ்டு நடுவில் ஒருநாள் திகைக்க நேரும். அன்று கடைகள் அடைத்திருக்கும், தெருக்கள் வெறிச்சோடியிருக்கும், வகுப்பும் இராது. ஆகஸ்டு 15, மாதா விண்ணேற்புத் திருநாள். மறுநாள் சியெனாவின் பெரிய திடலில் பேட்டைகளுக்கிடையே நடக்கும் குதிரைப் பந்தயத்துக்கு ஊரே திரளும். அதே பதினைந்தாம் நாளில்தான் காமநாயக்கன்பட்டிக் கோயிலிலும் திருவிழா. சாத்தூர், சிவகாசிப் பக்கமிருந்து வந்தவர்கள் கூட்டத்தில் நிற்பார்கள். வாணமும் இங்கிருந்து போனதாகவே இருக்கும்.